ட்ரையல் மென்பொருளை நிறுவுவது எப்படி? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் முழுமையான வழிகாட்டி

ட்ரையல், அதாவது வாங்கும் முன் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும் காலத்தில் வீணாகும் நாள்களில் பெரும்பகுதி, நிறுவும் வேலையிலேயே வீணாகிறது. பதிவிறக்கம் செய்து, இருமுறை சொடுக்கி, கணக்குத் திறந்து உள்ளே போய்விடுகிறார்கள். வட்டில் இடமில்லை, அனுமதி இல்லை, தமிழ் எழுத்து உடைகிறது என்பதெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. அதற்குள் ஏழு நாளில் மூன்று நாள் போயிருக்கும்.

கோலாலம்பூரில் இந்த உதவியை என்னிடம் கேட்பவர்கள் பல வகை. பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைப்பவர், கல்யாண வீடியோ தொகுப்பவர், 2024 ஆகஸ்டு 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இ-இன்வாய்ஸுக்காக (மலேசிய அரசின் மின்னியல் விலைப்பட்டியல் முறை) கணக்கு மென்பொருள் தேடும் கடைக்காரர். மென்பொருள் வேறு வேறு என்றாலும் இவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றுதான்.

கீழே உள்ள வரிசைக்குக் காரணம் உண்டு. நாள்கணக்கு ஓடத் தொடங்கும் முன் முடிக்கக்கூடிய எல்லா வேலையையும் முன்னால் வைத்திருக்கிறேன். முதல் ஐந்து பகுதிகளைத் தாண்டிவிட்டு நேராக நிறுவப் போகாதீர்கள்.

1. நாள்கணக்கு எப்போது தொடங்குகிறது?

இதை முதலில் பாருங்கள். சில மென்பொருள்கள் முதல் முறை திறந்த நொடியிலிருந்து எண்ணும். சில, இணையதளத்தில் கணக்குத் திறந்து ‘ஸ்டார்ட் ட்ரையல்’ அழுத்திய நேரத்திலிருந்தே எண்ணும். இரண்டாவது வகையில், நீங்கள் கோப்பைப் பதிவிறக்கம் செய்யும்போதே நாள் குறையத் தொடங்கிவிடும்.

கால அளவும் ஒன்றுபோல் இருக்காது. அடோபி மென்பொருள்களுக்கு ஏழு நாள். மைக்ரோசாஃப்ட் 365க்கு ஒரு மாதம். ஒலிப்பதிவுக்குப் பயன்படும் ரீப்பருக்கு 60 நாள். ஏழு நாள் என்றால், உங்கள் கையில் வேலை இருக்கும் வாரத்தில் தொடங்குங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் தொடங்கி என்ன பயன்?

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: ட்ரையலில் எது பூட்டப்பட்டிருக்கிறது? சேமிக்க முடியாது, ஏற்றுமதி செய்தால் நீர்க்குறி விழும், அச்சடிக்க முடியாது என்று கட்டுப்பாடுகள் இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய வேலையே பூட்டப்பட்டிருந்தால் அந்த ட்ரையலால் நீங்கள் எதையும் சோதிக்க முடியாது.

2. கார்டு எண் கேட்டால்

கார்டு கேட்காத ட்ரையல் முடிந்தால் மென்பொருள் நின்றுவிடும், அவ்வளவுதான். கார்டு கேட்கும் ட்ரையல் முடிந்தால் பணம் போகும். இரண்டில் உங்களுடையது எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விலை டாலரில் இருந்தால், திரையில் காணும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. மலேசியாவில் பதிவு பெற்ற வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 சதவீதம். வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் சேரலாம். மாதக் கட்டணம் போலக் காட்டி ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கும் திட்டங்களும் இருக்கின்றன. ‘வருடத்துக்கு, மாதாமாதம் செலுத்துவது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், இடையில் நிறுத்தினால் அபராதம் உண்டா என்று அங்கேயே படித்துவிடுங்கள்.

டெபிட் கார்டு ஏற்கப்படவில்லை என்றால் உடனே நாலைந்து முறை முயலாதீர்கள். நம்முடைய டெபிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டு, இணையவழிப் பரிவர்த்தனைகள் அடைக்கப்பட்டே இருக்கும். வங்கியின் ஆப்பில் அதைத் திறந்துவிட்டு ஒரு முறை முயன்றால் போதும். திரும்பத் திரும்ப முயன்றால் மோசடி என்று நினைத்து வங்கியே கார்டை முடக்கக்கூடும்.

கைப்பேசி நாட்காட்டியில் இப்போதே நினைவூட்டல் வையுங்கள். கடைசி நாளில் வேண்டாம், மூன்று நாள் முன்பு. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த ட்ரையலை முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும். மற்றவர்களின் சர்வர்கள் எந்த நாட்டு நேரப்படி நாளை முடிக்கும் என்று நம்மால் கணிக்க முடியாது.

3. உங்கள் கணினி எப்படிப்பட்டது?

விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபவுட். ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் 64-பிட் என்று இருக்கும். அது எக்ஸ்64 செயலியா ஆர்ம் செயலியா என்றும் பாருங்கள். புதிய மெல்லிய லேப்டாப்கள் சில ஆர்ம் வகை. அவற்றில் சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அச்சுப்பொறி, ஸ்கேனர், ஒலிக்கருவி போன்றவற்றைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் விண்டோஸ் பதிப்பையும் பாருங்கள். ‘எஸ் மோட்’ என்றிருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே நிறுவ முடியும். அதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம். திரும்பிப் போக முடியாது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புதிய மென்பொருள்கள் விண்டோஸ் 11ஐ மட்டும் கேட்பது இனி கூடும்.

மேக்கில் ஆப்பிள் மெனு, ‘அபவுட் திஸ் மேக்’. ‘சிப்’ என்ற இடத்தில் எம்1, எம்2 என்று இருந்தால் ஆப்பிள் சிலிக்கான். ‘ப்ராசஸர்’ என்று இன்டெல் பெயர் வந்தால் பழைய வகை. லினக்ஸில் டெர்மினலில் ‘யூநேம்’ கட்டளையைச் சிறிய ‘எம்’ தேர்வோடு கொடுத்தால் செயலி வகை ஒரே வரியில் வந்துவிடும்.

வட்டில் இடம் பாருங்கள். மென்பொருள் 4 ஜிபி கேட்டால் 4 ஜிபி போதாது. நிறுவி (மென்பொருளைக் கணினியில் போடும் கோப்பு) முதலில் தன்னைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்துக்கொள்ளும், அப்புறம்தான் நகலெடுக்கும். விண்டோஸில் நீங்கள் ‘டி’ டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் விரிப்பது பெரும்பாலும் ‘சி’ டிரைவில்தான். கேட்டதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலியாக இருக்கட்டும்.

பயன்பாட்டில் இருந்த லேப்டாப்பை லோ யாட் பிளாசாவிலோ இணையத்திலோ வாங்கியிருந்தால் இன்னும் நான்கு விஷயங்கள்:

முதலாவது, தேதியும் நேரமும். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, உள்நுழைவு நடக்காது. நேர மண்டலம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருக்கிறதா என்றும் பார்த்து, தானியங்கி நேரத்தை இயக்குங்கள்.

இரண்டாவது, கணினி இன்னும் பழைய கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ‘அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் விற்றவரிடம் கொண்டுபோய் நீக்கச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை எதை நிறுவலாம் என்று வேறொருவர் தீர்மானிப்பார்.

மூன்றாவது, கடைக்காரர் ‘எல்லாம் போட்டுத் தந்த’ திருட்டுப் பதிப்புகள். அதே மென்பொருளின் உடைக்கப்பட்ட பதிப்பு உள்ளே இருந்தால் முறையான ட்ரையல் ஒழுங்காக ஓடாது. ஏன் என்று 10ஆம் பகுதியில் சொல்கிறேன்.

நான்காவது, உங்கள் விண்டோஸ் பயனர் கோப்புறையின் பெயர். கணினியை முதன்முதலில் அமைத்தபோது பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால், ‘சி’ டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் அந்தப் பெயர் தமிழ் எழுத்திலேயே இருக்கும். பழைய பாணியில் எழுதப்பட்ட நிறுவிகள் சில அந்த வழியைப் படிக்க முடியாமல், காரணமும் சொல்லாமல் நின்றுவிடும். காட்சிப் பெயரை மாற்றினால் கோப்புறைப் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலிருந்து நிறுவுங்கள். பழைய கணக்கு அப்படியே இருக்கட்டும்.

4. சரியான கோப்பைப் பதிவிறக்கம் செய்வது

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து, அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், ஆப் ஸ்டோர், உங்கள் லினக்ஸின் களஞ்சியம் (அதன் அதிகாரபூர்வ மென்பொருள் கிடங்கு). வேறு இடம் வேண்டாம். தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், பக்கமும் அசல் போலவே இருக்கும். முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

ஒரே பக்கத்தில் பல கோப்புகள் இருந்தால் முந்தைய பகுதியில் பார்த்த விவரம் இங்கே உதவும். இன்டெல் மேக்கில் ஆப்பிள் சிலிக்கானுக்கான கோப்பு திறக்காது. எதிர்மாறாக இன்டெல் கோப்பு புதிய மேக்கில் ஆப்பிளின் ரொசெட்டா என்ற மொழிமாற்றுக் கருவியின் உதவியோடு ஓடும், ஆனால் இருக்கும்போது ஆப்பிள் சிலிக்கான் கோப்பையே எடுங்கள்.

முடிந்தால் முழு நிறுவியைப் பதிவிறக்கம் செய்யுங்கள். 2 எம்பி அளவில் வரும் சின்னக் கோப்பு, நிறுவும்போதுதான் மீதியை இழுக்கும். நடுவில் இணையம் போனால் பாதி நிறுவிய நிலையில் நிற்கும். அதை நீக்குவது நிறுவுவதைவிடத் தொல்லை.

பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 என்று, கோப்பின் கைரேகை போன்ற நீண்ட எழுத்துக் கோவை கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’, மேக்கில் ‘-ஏ 256’ தேர்வோடு ‘ஷாசம்’, லினக்ஸில் ‘ஷா256சம்’ என்ற கட்டளைகள் அதைக் கணக்கிட்டுத் தரும். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு முழுமையாக வரவில்லை, அல்லது அது வேறு கோப்பு. அழித்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

5. நிறுவுவதற்கு முன் கடைசி ஏற்பாடு

விண்டோஸில், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ ஒன்றை உருவாக்குங்கள். மேக்கில் டைம் மெஷின், லினக்ஸில் டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவி இருந்தால் அதை ஒரு முறை ஓடவிடுங்கள். சாதாரணச் சின்ன மென்பொருளுக்கு இது அதிகம்தான். டிரைவர் போடும் மென்பொருள், ஆன்டிவைரஸ், ஒலி மென்பொருள் ஆகியவற்றுக்குக் கட்டாயம்.

மென்பொருளின் பழைய பதிப்பு இருந்தால் அதற்குள் உள்ள உங்கள் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறந்து புதிய வடிவில் சேமித்துவிட்டால், ட்ரையல் முடிந்த பிறகு பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். நகலில் மட்டும் சோதியுங்கள்.

என்ன சோதிக்கப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதற்கான மாதிரிக் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். கணக்கு மென்பொருள் என்றால் போன மாத ரசீதுகள். வடிவமைப்பு என்றால் உண்மையான அழைப்பிதழ் ஒன்று. பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பாதியில் நிற்கும் விண்டோஸ் அப்டேட்தான் பல நிறுவல்களைக் கெடுக்கிறது. மறுதொடக்கம் அதை முடித்துவைக்கும்.

6. விண்டோஸில் நிறுவுதல்

ஸிப் கோப்பாக வந்திருந்தால் முதலில் முழுவதையும் பிரித்தெடுங்கள். ஸிப்புக்குள்ளேயே நிறுவியைச் சொடுக்கினால் அந்த ஒரு கோப்பு மட்டும் தற்காலிக இடத்துக்குப் போகும், கூட வேண்டிய கோப்புகள் வராது, ‘கோப்பைக் காணோம்’ என்று நிற்கும். புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்.

சொடுக்கியதும் நீலநிறப் பெட்டியில் விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்ற பொருளில் எச்சரிக்கை வரலாம். இது ஸ்மார்ட்ஸ்கிரீன். அதிகம் பேர் பதிவிறக்கம் செய்யாத கோப்புக்கும் வரும். வந்தவுடன் ‘மோர் இன்ஃபோ’ சொடுக்கி, வெளியீட்டாளர் பெயரைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர் சரியாக இருந்தால் ‘ரன் எனிவே’. ‘அன்நோன் பப்ளிஷர்’ என்றிருந்தால் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்க் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விண்டோஸ் 11இல் ‘ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்’ இயங்கினால் தாண்டிப் போகும் பொத்தானே வராது. அப்போது கையொப்பமிட்ட நிறுவியைத்தான் தேட வேண்டும்.

அடுத்து நிர்வாகி அனுமதி கேட்கும். வீட்டுக் கணினியில் பிள்ளைகளின் கணக்கிலிருந்து நிறுவினால் பெற்றோரின் கடவுச்சொல் வேண்டும்.

‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று கேட்டால் கஸ்டம். கூடவே ஒட்டிவரும் பிரவுசர் துணைநிரல், கணினி தொடங்கும்போதே ஓடும் துணை மென்பொருள் ஆகியவற்றை அங்கேதான் நீக்க முடியும். இடத்தை மட்டும் மாற்றாமல் விடுங்கள். குறிப்பாக, இணையச் சேமிப்போடு ஒத்திசையும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் போட்டால், ஒத்திசைவு நடக்கும்போது கோப்புகள் பூட்டப்பட்டு மென்பொருள் தடுமாறும்.

கடைசித் திரையில் ‘உடனே திற’ என்ற பெட்டி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். டிக்கை எடுத்துவிட்டு ‘ஃபினிஷ்’ அழுத்துங்கள். திறந்தால் நாள் ஓடத் தொடங்கும்; உங்களுக்கு இன்னும் ஒன்பதாம் பகுதி இருக்கிறது.

7. மேக்கில் நிறுவுதல்

‘டிஎம்ஜி’ கோப்பைத் திறந்தால் மென்பொருளின் படமும் ‘அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறையின் படமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். முதலாவதை இரண்டாவதன்மேல் இழுத்து விடுங்கள். பலர் அந்தச் சாளரத்திலேயே இருமுறை சொடுக்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். திறக்கும், வேலையும் செய்யும். ஆனால் அது எழுத முடியாத வட்டுப்படத்திலிருந்து (அந்த டிஎம்ஜி கோப்பிலிருந்தே) ஓடுவதால் அப்டேட் ஆகாது. மறுதொடக்கம் செய்தால் மென்பொருளே காணாமல்போனதுபோல் இருக்கும். இழுத்துவிட்ட பிறகு வட்டுப்படத்தை ‘இஜெக்ட்’ செய்து, அப்ளிகேஷன்ஸிலிருந்து திறங்கள்.

தயாரிப்பாளரைச் சரிபார்க்க முடியவில்லை என்று மேக் தடுத்தால், பழைய பழக்கம் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறப்பது. 2024இல் வந்த மேக்ஓஎஸ் சிக்கோயா அந்த வழியை மூடிவிட்டது. ஒரு முறை திறக்க முயன்று தடுக்கப்பட்ட பிறகு சிஸ்டம் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தின் கீழே வாருங்கள். அங்கே ‘ஓப்பன் எனிவே’ இருக்கும். முதலில் முயலாமல் நேரே அந்தப் பக்கத்துக்குப் போனால் பொத்தான் இருக்காது.

இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிலிக்கானில் திறந்தால் ரொசெட்டாவை நிறுவவா என்று கேட்கும். அதற்கு இணையம் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். ஒலி, வீடியோ மென்பொருளில் பழைய இன்டெல் பிளக்-இன் இருந்தால், முதன்மை மென்பொருளையும் ரொசெட்டாவில் திறந்தால்தான் அவை தெரியும். ‘கெட் இன்ஃபோ’வில் அதற்கான டிக் இருக்கிறது.

8. லினக்ஸில் நிறுவுதல்

உபுண்டு, மின்ட், டெபியன் என்றால் ‘டெப்’ கோப்பு. ஃபெடோரா என்றால் ‘ஆர்பிஎம்’. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

டெப் கோப்பை ‘டிபிகேஜி’ கட்டளையால் நிறுவும்படி பழைய குறிப்புகள் சொல்லும். மென்பொருள் ஓடத் தேவையான சார்புக் கோப்புகளை அது தேடித் தராது, பாதியில் நிற்கும். ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளைக்கே அந்தக் கோப்பைக் கொடுங்கள். வேண்டிய சார்புகளைத் தானே இழுத்துக்கொள்ளும். கோப்புப் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்தப் பெயரில் களஞ்சியத்தில் தேடிவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும்.

‘ஆப்இமேஜ்’ கோப்பு என்றால் நிறுவ வேண்டியதில்லை. பண்புகளில் இயக்க அனுமதி கொடுத்துவிட்டுச் சொடுக்கலாம். உபுண்டு 22.04 முதல் இரண்டாம் பதிப்பு ஃபியூஸ் நூலகம் உடன் வருவதில்லை. பல ஆப்இமேஜ்களுக்கு அது தேவை. சொடுக்கியும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். 24.04இல் அந்தத் தொகுப்பின் பெயர் ‘லிப்ஃபியூஸ்2டி64’. பெயர் ஏறக்குறைய ‘ஃபியூஸ்’ என்றே இருக்கும் வேறு தொகுப்பைப் போட்டுவிடாதீர்கள். உபுண்டுவின் பிற பகுதிகளைக் கெடுக்கக்கூடும்.

9. முதல் முறை திறப்பது

திறந்ததும் எண்ணும் வகை என்றால் இப்போதுதான் நாள் தொடங்குகிறது. வேலைநாள் காலையில், இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறபோது திறங்கள்.

உரிம எண்ணோ கடவுச்சொல்லோ தட்டும் முன் விசைப்பலகையைப் பாருங்கள். அஞ்சல், தமிழ் 99 போன்ற தமிழ் விசைப்பலகை முறையில் இருந்தால், புள்ளிகளாக மறைக்கப்பட்ட பெட்டியில் தமிழ் எழுத்து விழுவது உங்களுக்குத் தெரியாது. ‘கடவுச்சொல் தவறு’ என்று மட்டும் வரும். நோட்பேடில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் ஏற்காது.

மேக்கில் திரைப்பதிவு, மைக்ரோபோன், கோப்புறை அனுமதிகளைக் கேட்கும். திரைப்பதிவு அனுமதி கொடுத்த பிறகு மென்பொருளை முழுவதும் மூடித் திறந்தால்தான் அது செயல்படும்.

அப்புறம் முதல் சோதனையே தமிழாக இருக்கட்டும். ‘கொடுக்கும்’, ‘பெண்ணே’, ‘மௌனம்’, ‘ஸ்ரீ’ என்று தட்டுங்கள். பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யுங்கள். அதிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைக் குற்றம் சொல்லும் முன் அமைப்பைப் பாருங்கள். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காகக் கூடும். இதைப் பார்க்காமல் ‘இதில் தமிழ் வராது’ என்று ட்ரையலையே மூடிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

10. பழுது வந்தால்

முதலில் பிழைச்செய்தியை அப்படியே படம் பிடியுங்கள். ‘ஏதோ எர்ரர் வந்துச்சு’ என்பதை வைத்து யாராலும் உதவ முடியாது. எண் ஒன்று இருந்தால் அது போதும்.

“அண்ணே, நேத்துதான் போட்டேன், இன்னைக்கே ட்ரையல் முடிஞ்சிருச்சுன்னு சொல்லுது.” இந்தப் புகாருக்கு நான்கு காரணங்கள் உண்டு. தேதி தவறாக இருக்கலாம். பழைய உரிமையாளர் அதே கணினியில் ட்ரையலை ஏற்கெனவே எடுத்திருக்கலாம். மென்பொருள் கணினியை அடையாளம் வைத்திருக்கும். நீங்களே அதே மின்னஞ்சலில் முன்பு ஒரு முறை எடுத்திருக்கலாம். அல்லது மென்பொருளால் சர்வரைத் தொட முடியாமல், முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடைசிக் காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு வீட்டு அல்லது அலுவலக இணையத்தில். அதிலும் இல்லையென்றால் விபிஎன்னை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பைப் பாருங்கள்.

இந்த ஹோஸ்ட்ஸ் கோப்புதான் நான் முன்பு சொன்ன திருட்டுப் பதிப்பின் மிச்சம். உடைக்கப்பட்ட மென்பொருளைப் போடுகிறவர்கள், அது தயாரிப்பாளரின் சர்வரைத் தொடாதபடி அந்த முகவரிகளை இந்தக் கோப்பில் எழுதி அடைத்துவிடுவார்கள். மென்பொருளை நீக்கினாலும் அந்த வரிகள் போகாது. நீங்கள் முறைப்படி எடுத்த ட்ரையலும் அதே சுவரில் முட்டி நிற்கும். விண்டோஸில் அது சிஸ்டம்32 கோப்புறைக்குள் ‘டிரைவர்ஸ்’, அதற்குள் ‘இடிசி’யில் இருக்கிறது. மேக், லினக்ஸ் இரண்டிலும் ‘இடிசி’ கோப்புறையில். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, தயாரிப்பாளர் பெயர் உள்ள வரிகளை மட்டும் நீக்கிச் சேமியுங்கள்.

தேதியைப் பின்னுக்குத் தள்ளி நாளை நீட்டிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல மென்பொருள்கள் அதைக் கண்டுபிடித்து உடனே பூட்டிவிடும். வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை எல்லாமே சான்றிதழ் பிழை காட்டும். நாள் போதவில்லை என்றால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். நிறுவல் கோளாறால் நாள் போனது என்று பிழைச்செய்திப் படத்தோடு எழுதினால் நீட்டித்துத் தருபவர்கள் உண்டு.

விண்டோஸில் எண்களோடு வரும் பிழைகள்: 1618 என்றால் இன்னொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள், அல்லது மறுதொடக்கம். 3010 பிழையே இல்லை, நிறுவல் முடிந்தது, மறுதொடக்கம் வேண்டும் என்று பொருள். 1603 பொதுவான தோல்வி: கோப்புறைக்கு எழுத அனுமதி இல்லை, அதே மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது வேறேதோ தடை. மறுதொடக்கம் செய்து, பழைய பதிப்பை நீக்கி, நிர்வாகியாக ஓடவிடுங்கள்.

‘விசிரன்டைம்140’ என்ற டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று வந்தால், அந்த ஒரு கோப்பைத் தரும் தளங்களைத் தேடிப் போகாதீர்கள். அங்கே கிடைப்பது எது என்று உறுதி இல்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பை அவர்கள் தளத்திலிருந்தே நிறுவுங்கள். 64-பிட் விண்டோஸிலும் 32-பிட் மென்பொருள் ஓடலாம் என்பதால் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுவது நல்லது.

திறந்தவுடன் மூடிக்கொள்கிறதா? விண்டோஸில் ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டுங்கள். நாள்வாரியாக எது எப்போது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். மேக்கில் ‘கன்சோல்’. லினக்ஸில் மென்பொருளை டெர்மினலிலிருந்து அதன் பெயரைத் தட்டித் திறங்கள். படத்தைச் சொடுக்கும்போது மறைந்துபோகும் காரணம் அங்கே வரியாக வரும். வெறும் கறுப்புச் சாளரம் தெரிந்தால் கிராஃபிக்ஸ் (திரைக்காட்சி) டிரைவரை அப்டேட் செய்யுங்கள்.

மேக்கில் ‘கோப்பு சேதமடைந்துள்ளது, குப்பைக்கு அனுப்புங்கள்’ என்று வந்தால் முதலில் திரும்பப் பதிவிறக்கம் செய்யுங்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இரண்டு முறை எடுத்தும் அதே செய்தி வந்தால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பாதுகாப்பை முழுவதும் அணைக்கும் கட்டளைகளை இணையத்தில் பார்த்து ஒட்டாதீர்கள்.

உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்கள் நிறைய. ‘ரிமோட்டில் வந்து சரிசெய்கிறேன்’ என்று உங்கள் திரையைக் கேட்பவர், அடுத்து வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். மென்பொருளுக்குள்ளே ‘ஹெல்ப்’ மெனுவில் உள்ள தொடர்பு மட்டுமே போதும். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் மலேசியாவின் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

11. நாள் முடிவதற்குள்

வாங்கவில்லை என்று முடிவு செய்துவிட்டால், இந்த வரிசையில் போங்கள். முதலில் உங்கள் வேலைகளைப் பிடிஎஃப், எக்செல், எம்பி4 என்று பொதுவான வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். முடிந்த பிறகு கோப்பு உங்களிடம் இருக்கும், திறக்கத்தான் வழி இருக்காது.

இரண்டாவது, சந்தாவை இணையதளத்திலேயே ரத்து செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தாவும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. மென்பொருள் இல்லாத கணினிக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பயனில்லை. ஆப்பிள் கணக்கின் சந்தாப் பட்டியலில்தான் ரத்து செய்ய முடியும்.

மூன்றாவது, மென்பொருளுக்குள் ‘சைன் அவுட்’ அல்லது ‘டிஆக்டிவேட்’. நாளைக்கு வேறு கணினியில் வாங்கிப் போட்டால், இந்தக் கணினி ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

கடைசியாகத்தான் நீக்குவது. விண்டோஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’. மேக்கில் தயாரிப்பாளரே நீக்கும் கருவி (அன்இன்ஸ்டாலர்) தந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குப்பையில் போட்டால் லைப்ரரிக்குள் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’, ‘லான்ச் ஏஜென்ட்ஸ்’ கோப்புறைகளில் மிச்சம் இருக்கும். லினக்ஸில் எந்த வழியாக நிறுவினீர்களோ அதே வழியாக நீக்குங்கள். ரத்து செய்தும் அடுத்த மாத அறிக்கையில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், ரத்து மின்னஞ்சலை இணைத்து நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அன்றைக்கே எழுதுங்கள்.